மூன்றாம் ஓலை

மாதா துணை

குவீன்ஸ்டவுன்,
17 ஜனவரி 1988

அன்புள்ள தம்பி அந்தோணிக்கு,

கிறிஸ்மஸ் கார்டு வந்தது. ஒரு கங்காரு, அதற்குக் கீழே உன் கையெழுத்து, அவ்வளவுதான். "அண்ணன் அங்க போயி பேச்சே மறந்துட்டாரா அக்கா?" என்று சவரி கேட்டான். நட்சத்திரங்களோடு பழகிப் பழகி மனிதர்களிடம் பேசக் கூலி கேட்கிறான் என்று சொல்லிவைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சவரிக்குப் பெண் பார்த்திருக்கிறோம். பார்த்தது நான் இல்லை, அவனேதான். நம் கோயில் பாடகர் குழுவில் பாடும் ஜெசிந்தா. ஃபேரர் பார்க் அற்புதராஜ் சாரின் ஒரே மகள். உனக்குப் பூசைத் துணைப் பையனாக வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாரே, அதே அற்புதராஜ் சார். பெண் நல்ல பெண். பாலர் பள்ளியில் டீச்சர். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும்.

சாருக்கு ஒரே ஒரு கலக்கம். அம்மா செத்த வருஷம் சவரி படுத்த படுக்கையாகச் சுவரைப் பார்த்துக் கிடந்ததும், ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததும் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். மறைக்க முடியாது. அவர் என்னிடம் நேராகவே கேட்டார். "உர்சுலா, அது திரும்ப வருமா வராதா? நீ சொன்னா நான் நம்ப மாட்டேன், ஏன்னா நீ அவனைத் தூக்கி வளர்த்தவ. அந்தோணி ஒரு வார்த்தை எழுதட்டும். அவன் பொய் சொல்ல மாட்டான்."

ஆகவே நீ ஒரு வார்த்தை எழுத வேண்டும். அது ஒரு முறை வந்தது, போய்விட்டது என்று. சவரி நன்றாக இருக்கிறான். அச்சகத்தில் வேலை, மாலையில் கிடார், ஞாயிறு பாட்டு. மாத்திரையை டாக்டர் நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறகு என்ன?

உன் அக்கா,
உர்சுலா


கான்பெரா,
31 ஜனவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

சவரிக்குப் பெண் என்றதும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாலு வயதில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டு இட்லி கேட்டவனுக்குக் கல்யாணமா?

ஆனால் நீ கேட்கும் வார்த்தையை நான் எப்படி எழுதுவது? நான் மருத்துவன் இல்லை. அவனைக் கவனித்த டாக்டரிடம் கேள். என் படிப்பில் மனிதர்களே இல்லை, அக்கா. எல்லாம் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் கரும்புள்ளிகள்தான்.

வேடிக்கை என்னவென்றால், அற்புதராஜ் சார் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் எட்டு மாதமாக ஒரு புள்ளியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கொட்டாவி விடாதே. போன வருஷம் தெற்கு வானத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்தது. மகெல்லன் மேகம் என்று ஒரு மங்கலான திட்டு உண்டு, அதற்குள். உலகத்துக் கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. படங்கள் குவிந்தன. அந்தப் படங்களின் ஓரத்தில், யாரும் பார்க்காத ஒரு சின்ன நட்சத்திரம் மெதுவாகப் பிரகாசமாகி, ஏறிய மாதிரியே மெதுவாக இறங்கியது, எல்லாம் மூன்று மாதத்துக்குள். அதைக் கண்டுபிடித்தது நான்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஒளியே இல்லாத ஏதோ ஒரு கனமான பொருள் அதற்கும் நமக்கும் நடுவில் கடந்து போயிருக்கும். அதன் ஈர்ப்பு விசை ஒளியை வளைத்துக் குவித்து, பூதக்கண்ணாடி போல நட்சத்திரத்தைப் பெரிதாகக் காட்டும். அப்படியென்றால் நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதோ குறுக்கே போனது, போய்விட்டது. மறுபடி நடக்கவே நடக்காது. இதுவரை யாரும் இதைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டேன் என்று நிரூபித்தால் என் பெயர் நிற்கும்.

இன்னொன்று, அது மாறும் நட்சத்திரமாக இருக்கலாம். தானாகவே உப்பும், தானாகவே வாடும். காரணம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அப்படிப்பட்டது வருஷக்கணக்கில் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று எழும். ஒரு தடவை மட்டும் பார்த்தவனுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஏமாற்றுவது இதுதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். சவரிக்கு அதற்கு முன்னால் எப்போதாவது வந்ததா? நான் இங்கே வந்த பிறகு ஏதாவது? யோசித்து எழுது.

அன்புடன்,
அந்தோணி


மாதா துணை

குவீன்ஸ்டவுன்,
14 பிப்ரவரி 1988

அந்தோணி,

போலீஸ்காரன் மாதிரி கேட்டு எழுதியிருக்கிறாய். சவரி என்ன உன் கரும்புள்ளியா?

முன்னால் எதுவும் இல்லை. பின்னாலும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவனைப் போலக் கலகலப்பான பிள்ளை நம் பிளாக்கில் உண்டா? ஓ லெவல் எழுதிய வருஷம் நினைவிருக்கிறதா, நீ யுனிவர்சிட்டி விடுதியில் இருந்தாய். ஒரு வாரம் தூங்கவே இல்லை. மிச்சம் இருந்த நீலப் பெயிண்டை எடுத்து அடுப்படி முழுக்க அடித்தான். பத்தாமல் போனதும் கடைக்கு ஓடி இன்னும் வாங்கி வந்து ஹாலையும் அடித்தான். மேலே சுற்றுகிற ஃபேன் றெக்கையைக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தான். புது ஷூவை யாருக்கோ கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தான். "எம் புள்ள மாதிரி சுறுசுறுப்பு யாருக்கு வரும்?" என்று அம்மா லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்புறம் பாவம் காய்ச்சல் வந்து ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை, பரீட்சையும் போனது. அது காய்ச்சல். அதைப் போய் இதோடு சேர்க்காதே.

அப்படிப்பட்ட பிள்ளை அம்மா போனதும் விழுந்தான். யார்தான் விழ மாட்டார்கள்? நான் விழவில்லை என்றால், சோறு வைக்க ஆள் இல்லை என்பதால் விழவில்லை. நீ விழவில்லை, பத்தாம் நாள் பிளேன் ஏறிவிட்டாய். அதை நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டாய்.

டாக்டரிடமும் போனேன். "இப்ப நல்லா இருக்கான், பார்த்துக்குங்க" என்றார். அது ஒரு பதிலா?

வேலையிலிருந்து வந்ததும் சவரி கேட்கிற முதல் கேள்வி "அண்ணன்கிட்டேருந்து லெட்டர் வந்துச்சா?" என்பதுதான். இல்லை என்றால் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். நீ எழுதவில்லையென்றால் இந்தக் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லையென்றால் அவன் என்ன ஆவான் என்று உன் நட்சத்திரத்தைக் கேட்டுச் சொல்.

உர்சுலா


கான்பெரா,
28 பிப்ரவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது சரிதான். பத்தாம் நாள் பிளேன் ஏறியவன் நான்தான்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பேராசிரியர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாத் தகடுகளையும் திரும்ப அளந்தாகிவிட்டது. ஏறியதும் இறங்கியதும் ஒரே அளவு, கண்ணாடியில் பார்த்த மாதிரி. அதன் பிறகு எட்டு மாதமாக அசைவே இல்லை. எழுபத்தைந்தாம் வருஷத்து ஒரு பழைய தகட்டில் மட்டும் அந்தப் புள்ளி கொஞ்சம் தடித்துத் தெரிகிறது. பழைய தகடு, தூசி படிந்திருக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். ஏப்ரல் கடைசியில் சிட்னி கூட்டத்தில் நான் பேசப்போகிறேன். மனிதர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

வெளியே வந்தபோது சவரி ஞாபகம்தான். அவனுக்கும் குறுக்கே ஒன்று போனது. அம்மாவின் சாவு. போனது போய்விட்டது. இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறான். நட்சத்திரத்துக்கு எட்டு மாதம் போதும் என்றவன் தம்பிக்கு இரண்டு வருஷம் போதாது என்று சொல்வேனா?

அற்புதராஜ் சாருக்குத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "என் தம்பிக்கு வந்தது ஒரே முறைதான். எங்கள் தாயின் மரணம் அவன் வாழ்க்கையின் குறுக்கே கடந்து போனது. அப்படிக் கடந்து போனது திரும்பி வராது. என் மனசாட்சிக்குத் தெரிந்து இதை எழுதுகிறேன்."

சவரியிடம் சட்டையைக் கழற்றச் சொல்.

அந்தோணி


மாதா துணை

குவீன்ஸ்டவுன்,
27 மார்ச் 1988

என் தங்கத் தம்பிக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். கை எட்டவில்லை, அதனால் நீயே போட்டுக்கொள்.

நாங்கள் போனபோது சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் தாளைச் சத்தமாக வாசித்தார். முடித்ததும் தாளை மடித்தார். உள்ளே பார்த்து, "ஜெசிந்தா, காப்பி கொண்டாம்மா" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சவரி எழுந்து பால்கனிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஜெசிந்தா அந்தத் தாளைக் கேட்டு வாங்கித் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்குப் பிறகு ஏப்ரல் 10, 17, 24, மூன்று ஞாயிறும் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். 30ஆம் தேதி சனிக்கிழமை கல்யாணம். உன் கூட்டமும் ஏப்ரல் கடைசிதான் என்று எழுதியிருக்கிறாய். வரமாட்டாய் என்று தெரியும், திட்டவில்லை. இந்தச் சந்தோஷமே நீ கொடுத்ததுதானே.

நம் வீட்டுக்குக் கீழேயே எம்.ஆர்.டி ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. தேக்காவுக்குச் சேலை எடுக்கப் போக வேண்டுமென்றால் பாதி வழிக்கு அதில் போய், அப்புறம் பஸ். சவரி ஏறிக்கொண்டு, "அக்கா, எத்தனை வேகம் பாருங்க, நிக்காமயே போயிடலாம் போலருக்கு லா!" என்கிறான். எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

உன் அக்கா,
உர்சுலா


கான்பெரா,
11 ஏப்ரல் 1988

அக்கா,

இதை நின்று படிக்காதே. உட்கார்ந்துகொள்.

என் நட்சத்திரம் மறுபடி எழுகிறது. போன வாரத் தகட்டில் சந்தேகமாக இருந்தது. நேற்றைய தகட்டில் சந்தேகமே இல்லை. இந்த முறை இரண்டு நிறத்திலும் படம் எடுத்தோம். நீலத்தில் ஒரு மாதிரி ஏறுகிறது, சிவப்பில் வேறு மாதிரி. குறுக்கே போகிற பொருளுக்கு நிறம் தெரியாது, அக்கா. எல்லா ஒளியையும் ஒரே அளவுதான் கூட்டும். இதன் குறுக்கே எதுவும் போகவில்லை. இது தன் இயல்பிலேயே இப்படிப்பட்டது. எழுபத்தைந்தாம் வருஷத்துத் தகட்டில் இருந்ததும் தூசி இல்லை.

பத்து மாத உழைப்பு போனதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தத் தூசியைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேண்டாத புள்ளி என்று நானே ஒதுக்கினேன். அப்படியே நம் வீட்டிலும் ஒன்றை ஒதுக்கியிருக்கிறோம். அந்த நீல அடுப்படி. ஒரு வாரம் தூங்காத பையன். அதற்குப் பிறகு ஒரு மாதம் எழுந்திருக்காத காய்ச்சல். டாக்டரிடம் யாராவது அதைச் சொன்னோமா? அவன் இருண்டு கிடந்ததை மட்டும் நோய் என்று எண்ணினோம். அவன் ஒளி கூடியபோதெல்லாம் கொண்டாடினோம். அம்மா லிஃப்டில் நின்று பெருமை பேசினாள். நீ அதை எனக்கு எழுதினாய், நானும் படித்துவிட்டுச் சிரித்தேன். கண் முன்னால் இருந்தது, பார்க்கவில்லை.

ஒரே முறை என்று நான் எழுதியது தவறு. அவனுக்கு அது மறுபடி வரும் என்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வராது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்து சம்மதித்தால் சம்மதிக்கட்டும். மூன்றாம் ஓலைக்கு முன்னால் சாரிடம் சொல்.

போன் செய்தேன். சவரிதான் எடுத்தான். "அண்ணே!" என்று கத்தினான். கோட்டு தைத்ததை, மாலைக்கு ஆர்டர் கொடுத்ததை, தேன்நிலவுக்கு மலாக்கா போவதை மூச்சு விடாமல் சொன்னான். வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் கோழை. நீ அப்படி இல்லை.

அந்தோணி


மாதா துணை

குவீன்ஸ்டவுன்,
2 மே 1988

அந்தோணிக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. இருநூறு பேர் சாப்பிட்டார்கள். பிரியாணி பத்தாமல் போய் சமையல்காரர் ஜலாலுதீன் பாய் இன்னொரு சட்டி கொண்டுவந்தார். சவரி மேடையிலேயே கிடார் வாசித்தான்.

உன் கடிதம் இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவில், செவ்வாய்க்கிழமை வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன். புதன்கிழமை ஃபேரர் பார்க்கில் அவர்கள் பிளாக் வரைக்கும் போனேன். கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேலே அவர்கள் வீட்டில் ஜெசிந்தா பாடிக்கொண்டிருந்தாள், கீழே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு பூசையில் சாமியார் வாசித்தார். "மூன்றாம் ஓலை. சவரிராஜுக்கும் ஜெசிந்தாவுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான் நிறுத்துவாரா, அன்றைக்கு மட்டும் நிறுத்தினாரா, தெரியவில்லை. நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தோம்.

உன்னிடம் நியாயம் பேச எனக்குத் தெம்பு இல்லை. நான் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே விழுந்திருப்பான், என் கண் முன்னால். சொல்லாவிட்டால் என்றைக்காவது விழலாம், விழாமலும் இருக்கலாம். நீயே எழுதினாய், சத்தியம் செய்ய முடியாது என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டேன். பெண்ணைப் பற்றி நினைக்கவில்லையா என்று கேட்பாய். நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் செய்தேன். அதுதான் என்னைத் தின்கிறது.

உன் கடிதத்தைக் கிழித்துக் குப்பைக் குழாயில் போட்டேன். பதின்மூன்று மாடி கீழே விழுகிற சத்தம் கேட்கும் என்று நின்றேன். தாளுக்கு ஏது சத்தம்?

உர்சுலா


கான்பெரா,
22 மே 1988

அக்கா,

சிட்னியில் நான் பேசவில்லை. மாறும் நட்சத்திரங்களின் பட்டியலில் என்னுடையதையும் சேர்த்துவிட்டார்கள். ஒரு வரி. பேராசிரியர் கனிவாகத்தான் பேசினார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேற்று அற்புதராஜ் சாருக்கு எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு" என்பதோடு நின்றது. இனி எழுதினால் அது எச்சரிக்கை இல்லை, ஒரு பெண்ணின் வாழ்வில் கல்லைத் தூக்கிப் போடுவது. நான் எழுதிய பொய் அவள் ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. உண்மையை நீ குழாயில் போட்டாய். உன்னைத் திட்ட வாய் வரவில்லை, போனை வைத்தவன் நான்.

இனி ஒன்றுதான் மிச்சம். அவனைப் பார்த்துக்கொள். தூக்கம் குறைகிறதா, பேச்சு நிற்காமல் வருகிறதா, கையில் இருப்பதையெல்லாம் கொடுக்கிறானா, பார். அவன் சோர்ந்து கிடந்தால் எல்லோருக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. அவன் ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் எனக்கு எழுது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொல். அப்போதாவது சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

அந்தோணி


குவீன்ஸ்டவுன்,
11 செப்டம்பர் 1988

அந்தோணிக்கு,

அவன் ரொம்பச் சந்தோஷமாக இருந்தால் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

ஹவ்காங்கில் அவர்களுக்குப் புது வீடு கிடைத்திருக்கிறது. ஜெசிந்தா முழுகாமல் இருக்கிறாள். பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நீதான் வர வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள், உன் வார்த்தையால் நடந்த கல்யாணமாம். இன்றைக்குப் பூசை முடிந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, நீங்க வந்து பார்த்தே ஆகணும். ஒரு சர்ப்ரைஸ்."

கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாசம். ஹால் சுவர் நீலம். அடுப்படி நீலம். பிள்ளைக்கென்று வைத்திருக்கிற சின்ன அறை நீலம். சவரி ஏணி மேல் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். கண் மட்டும் பளபளவென்று இருக்கிறது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து தூக்கிச் சுற்றினான். அச்சகத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போடப் போகிறானாம், பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் பள்ளியும் தொடங்கப் போகிறானாம். பேச்சு நிற்கவில்லை. காலில் செருப்பு இல்லை.

"பேபி ரூம் மட்டும் அடிங்கன்னுதான் சொன்னேன் அக்கா. வீடு முழுக்க அடிச்சிட்டாரு லா! மூணு நாளா தூங்கவே இல்ல. இப்படி ஒரு அப்பா யாருக்குக் கிடைப்பாங்க?" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணன் எழுதினது சரிதான் அக்கா. அது கடந்து போயிடுச்சு. பாருங்க, எவ்வளவு ஹேப்பியா இருக்காரு" என்றாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேலே பார்த்தேன். ஃபேன் றெக்கையும் நீலம்.

"கலர் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உர்சுலா